நாலு மில்லிமீட்டர் கோடு

‘ப’ என்ற எழுத்தில் மூன்று கோடுகள்தான். இடப்பக்கம் ஒரு தூண், வலப்பக்கம் ஒரு தூண், இரண்டையும் கீழே சேர்க்கும் ஒரு தரை. ரயில்வே பணிமனையின் வரைபடப் பிரிவில் கோடு போட்டே சம்பளம் வாங்கி ஓய்வுபெற்றவன் நான். மூன்று கோட்டில் முடிந்துவிடுகிற ஒரு பொருளைப் பற்றி இனிமேல் தெரிந்துகொள்ள எனக்கு எதுவும் பாக்கியில்லை என்றுதான் நினைத்திருந்தேன். என் மருமகள் வரைந்து, இரும்பில் வெட்டி வாங்கி, கூடத்தில் கொண்டுவந்து சாத்திவைத்த ‘ப’வை அளவுகோல் வைத்து அளந்தேன். தூணின் அகலம் அறுபத்துநாலு மில்லிமீட்டர். தரையின் கனம் நாலு.

“பதினாறு மடங்கு வித்தியாசம்,” என்றேன்.

“பதினாறேதான் மாமா. வேணும்னுதான் வெச்சேன்.”

“தரை வளைஞ்சிடும்மா.”

“ஸ்டீல் மாமா.”

“ஸ்டீல் வளையாதுன்னு யாரு சொன்னா?”

“எழுத்து மேல யாரு ஏறி உக்காரப் போறாங்க?” என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மில்லிமீட்டர் என்பது நாலு மில்லிமீட்டர்தான்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரிகிற தெருவொன்றில் எங்கள் அடுக்குமாடி இருக்கிறது. பதினாலு வீடுகள். ‘படித்துறை’ என்று கட்டியவர் பெயர் வைத்தார். காவிரி அவ்வளவு பக்கம். வாசல் சுவரில் இருந்த ஃப்ளெக்ஸ் பலகை ஆடிக் காற்றில் ஒவ்வொரு வருடமும் கிழியும். ஒவ்வொரு வருடமும் புதிது மாட்டுவோம். நான் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். தலைவர் மூன்றாம் மாடியில் இருக்கிறார், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். இந்த முறை பலகையின் இரண்டு பக்கமும் கோபுரப் படம் போட வேண்டும் என்றார். நான் என் மருமகளின் எழுத்துகளைச் சொன்னேன். கிழியாது என்பதற்காக மட்டும் ஒத்துக்கொண்டார்.

மருமகள் எழுத்துரு வரைகிறவள். கைப்பேசியிலும் புத்தகத்திலும் நாம் படிக்கிற எழுத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரைகிறார் என்பதே அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்குத் தெரியும். நம் எழுத்து இருநூற்று நாற்பத்தேழு என்று பள்ளிக்கூடத்தில் எண்ணி முடித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கணக்கு வேறு. சில துண்டுகள் பல எழுத்துகளுக்குப் பொது. சில எழுத்துகளைத் தனித்தனியாகத்தான் வரைய வேண்டும். எண்கள் உண்டு, கிரந்தம் உண்டு, நிறுத்தக்குறிகள் உண்டு. நான் இரண்டு முறை எண்ணி இரண்டு விடை வந்து விட்டுவிட்டேன்.

அவள் வரைந்துகொண்டிருந்த வகைக்கு ஆங்கிலத்தில் இருநூறு வருடத்துக்கும் மேல் வயதாகிறது. கூர்முனைப் பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மயிரிழையாக மெலியும். அந்தக் கை அசைவை அச்சுக்குக் கொண்டுபோனார்கள். காகிதம் வழவழப்பானதும் மையும் நன்றாக வந்ததும் மெல்லிய கோட்டை இன்னும் மெலிய விட்டார்கள். நிற்கிற கோடு தடி, படுக்கிற கோடு இழை, கோட்டின் முனைகளில் தட்டையான சின்னக் குறுக்குக்கோடு. அந்தக் குறுக்குக்கோட்டைச் செரிஃப் என்கிறார்கள். மொத்தத்தில் நன்றாக உடுத்திக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, யாரோடும் பேசாமல் நிற்கிற எழுத்து.

இது எங்கெல்லாம் புழங்குகிறது என்று பார்க்க, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, மெயின் கார்டு கேட் வழியாகச் சின்னக்கடைத் தெரு முடியும்வரை ஒரு பக்கத்துப் பலகைகளை மட்டும் எண்ணிக்கொண்டு நடந்தேன். அறுபத்தெட்டு. அதில் இந்த வகை எழுத்து ஒன்பது. ஒன்பதில் ஐந்து நகைக்கடை, மூன்று பட்டு, மிச்சம் ஒன்று மணப்பெண் அலங்காரம் செய்கிற அழகு நிலையம். ஒரு இரும்புக் கடைக்காரர் இதைத் தொடவில்லை. ஒரு மருந்துக் கடைக்காரர் தொடவில்லை. சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். தலைவலி மாத்திரை வாங்க வருகிறவனிடம் இந்த எழுத்து முகம் கொடுக்காது.

இன்னொன்றும் கவனித்தேன். ஒன்பதிலும் இந்த எழுத்து ஆங்கிலத்துக்கு மட்டும்தான். அதன் கீழேயோ மேலேயோ அதே கடையின் பெயர் தமிழில், சம கனத்தில், கொழுகொழுவென்று இருந்தது. ஆங்கிலம் பட்டு உடுத்தி நிற்க, தமிழ் வீட்டு உடையோடு அவசரமாக ஓடிவந்து பக்கத்தில் நின்ற மாதிரி. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

“அதுக்குத்தான் மாமா ஒன்றரை வருஷமா உக்காந்திருக்கேன்,” என்றாள்.

ஆங்கிலத்தில் எந்தக் கோடு தடிக்கும், எது மெலியும் என்பது முடிவான விஷயம். தமிழில் அப்படி இல்லை. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு எல்லா இடத்திலும் ஒரே கனம். அதிலிருந்து விடை கிடைக்காது. அவளே சட்டம் வகுத்துக்கொண்டாள். தூண் தடிக்கும். தரை மெலியும். வளைவுகளில் பக்கங்கள் தடிக்கும், உச்சியும் அடியும் மெலியும். ‘ட’, ‘ப’, ‘ம’ எல்லாம் சொன்னபடி கேட்டன. மூன்று சுழி ‘ண’ கேட்கவில்லை. சுழிகளைத் தடித்தால் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கறுப்பாகிவிடும். மெலித்தால் பக்கத்து எழுத்தோடு ஒட்டாமல் வெளிறிப்போகும். அந்த ஒரு எழுத்தை அவள் வரைந்து வரைந்து அழித்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பெயரில் ‘ண’ இல்லாதது அதிர்ஷ்டம்.

‘படித்துறை’யில் எழுத்து ஐந்து. ஒவ்வொன்றும் ஒன்றரை அடி உயரம், கறுப்பு, சந்தன நிறச் சுவரிலிருந்து ஒரு அங்குலம் விலகி நின்றன. மாட்டிய அன்று தலைவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“செக்ரட்டரி சார், தூணுக்கெல்லாம் தொப்பி போட்டிருக்கு போலிருக்கே. போலீஸ் ஸ்டேஷன்னு நினைச்சு யாராவது புகார் குடுக்க வந்துடப் போறாங்க.”

“வந்தா உங்க மேலதாங்க குடுப்பாங்க, பார்க்கிங்ல ரெண்டு வண்டி நிறுத்துறதுக்கு,” என்றேன். அவர் சிரித்தார். பிடித்திருந்தது என்றே எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

நம் பக்கத்தில் அன்றைக்கு உழைக்கிற பொருள் எதையும் சும்மா விடமாட்டார்கள். ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார், லிஃப்ட், மின்சாரப் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. அதுவும் பூ மார்க்கெட்டைத் தெருக்கோடியில் வைத்திருக்கிற ஊர் இது. வாசலில் புதிதாகப் பெயர் வந்திருக்கிறதே, அதற்கும் செய்ய வேண்டாமா என்று தலைவரின் மனைவிக்குத் தோன்றியிருக்கிறது. பிரியத்தில் தோன்றியதுதான். எழுத்துக்கு ஒன்றாக ஐந்து மாலைகள், கைத்தடிமன் செவ்வந்தி, தண்ணீர் தெளித்து கனமாக இருந்தவை. நாரைக் கோத்துக் கட்டுவதற்கு ‘ப’வின் தரையைவிட வாகான இடம் உலகத்தில் கிடையாது, கம்பி மாதிரி இருக்கிறது. நன்றாக இழுத்து முடிச்சுப் போட்டார்கள். ஐந்து எழுத்துக்கும் சந்தனப்பொட்டு. ‘த்’தின் புள்ளி உருண்டையாக இருந்ததால் அதன்மேல் குங்குமம் மிகப் பொருத்தமாக உட்கார்ந்தது.

மறுநாள் காலை மாலைகளை எடுத்தபோது ‘ப’வின் தரை தூளி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. நூல் பிடித்து அளந்தேன். நடுவில் பதினோரு மில்லிமீட்டர் இறக்கம். ‘டி’யின் தரை ஏழு. ‘து’வின் அடிக்கோடு முறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தது. தூண்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் நின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம் கூடியது. பதினாலு வீட்டுக்குப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். தண்ணீர் வரி என்றால் நாலு பேர் வருவார்கள்.

“நான் குறையா சொல்லல சார்,” என்று தலைவர் ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தால் குறைதான் வரும். “ஒரு மாலை தாங்காத எழுத்து என்னங்க எழுத்து?”

“மாலை போட வேண்டாம்னு ஒரு போர்டு வெச்சுடலாமா?” என்று இரண்டாம் மாடியிலிருந்து வந்தவர் கேட்டார்.

“அந்த போர்டை எந்த எழுத்துல எழுதுவீங்க? அதுக்கும் எங்க வீட்ல மாலை போடுவாங்களே,” என்றார் தலைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். மருமகள் என் பின்னால் நின்றிருந்தாள். அவளும் சிரித்தாள் என்பதைக் கேட்டேன், பார்க்கவில்லை. கடைசியில் முடிவானது இது. பொங்கலுக்குள் எழுத்துகளைச் சரிசெய்ய வேண்டும். பொங்கலன்று எல்லோரும் பார்க்க மாலை போடப்படும். தாங்கினால் இருக்கட்டும். தாங்காவிட்டால் இறக்கிவிட்டு, கோபுரப் படத்தோடு ஃப்ளெக்ஸ்.

மாடிப்படி ஏறும்போது, பூவைக் கொண்டுபோய் எழுத்தில் தொங்கவிட்டவர்களை நான் நாலு வார்த்தை சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“அவங்க போட்டது தப்பில்ல மாமா. நம்ம ஊர்ல ஒரு பேர் மேல மாலை விழத்தான் செய்யும். அது தெரியாத மாதிரி வரைஞ்சிருக்கேன்.”

“இறக்கிட்டா என்ன, அடுத்த இடம் பாப்போம்.”

“இறக்கிட்டா நான் இதை வெளியில விடமாட்டேன். சொந்த வாசல்லயே நிக்காத எழுத்தை எந்த முகத்தோட இன்னொருத்தர்கிட்ட குடுப்பேன்?”

பெங்களூரில் ஒரு நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கைப்பேசித் திரையில் வருகிற சின்னச் சின்னப் படங்கள் வரைகிற வேலை. வேண்டாம் என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். அன்று இரவு சாப்பிடும்போது, இன்னும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று இருந்தது. நாலைப் பத்தாக்கு. எந்த மாலை வந்தாலும் தாங்கும். கணக்குப் போட்டே காட்டினேன். அவள் அட்டையில் இரண்டு ‘ப’ வெட்டினாள், ஒன்றில் தரை நாலு, இன்னொன்றில் பத்து. இரண்டையும் வாசல் சுவரில் ஒட்டிவிட்டு, என்னை எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரமாகக் கூட்டிப்போய் நிறுத்தினாள்.

நாலு உள்ளது தண்ணீரில் நிற்கிற இரண்டு படகுத்துறைக் கம்பங்கள் மாதிரி இருந்தது. தண்ணீர் மட்டம் எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். பத்து உள்ளது பல் பிடுங்கிக்கொண்டு வந்தவனின் முகம். வீங்கியிருந்தது. தடித்ததும் இல்லை, மெலிந்ததும் இல்லை. சின்னக்கடைத் தெருவில் இந்த வகையில் சேராத ஐம்பத்தொன்பது பலகைகளில் எது வேண்டுமானாலும் அதுவாக இருக்கலாம்.

“வேண்டாம்,” என்றேன்.

“நான் ஒண்ணுமே சொல்லலையே மாமா.”

“நான்தான் சொல்றேன். வேண்டாம்.”

அன்றைக்கு மதியம் தூக்கம் வரவில்லை. எங்கள் பிரிவில் ஒரு திருகாணியைக்கூட மூன்று தோற்றம் வரையாமல் விடமாட்டோம். முன்னாலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. எழுத்துக்கு மட்டும் எல்லோரும் முன்தோற்றத்தோடு நின்றுவிட்டார்கள். படிக்கிறவனுக்கு அது போதும். ஆனால் மாலை படிக்க வரவில்லை, தொங்க வருகிறது. எழுந்து உட்கார்ந்து, ‘ப’வை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று வரைந்தேன். இதை எனக்கு முன்னால் எத்தனை பேர் வரைந்திருப்பார்கள் என்று தெரியாது. அதிகம் பேர் இருக்க நியாயமில்லை.

மேலிருந்து பார்த்தால் ‘ப’ என்பது இரண்டு தகடும் நடுவில் ஒரு நூலும். அந்த நூலுக்குப் பின்னால் சுவர் வரைக்கும் ஒரு அங்குலம் வெற்றிடம் சும்மா கிடந்தது. முன்னால் நாலைத் தாண்டக் கூடாது என்றுதான் நிபந்தனை. பின்னால் போவதற்கு யார் தடை? நாலு மில்லிமீட்டர் தகட்டைப் படுக்கவைத்து, விளிம்பு மட்டும் தெருவைப் பார்க்கும்படி வைத்தால், தெருவுக்கு நாலு, மாலைக்கு இருபத்தைந்து.

மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பென்சிலை என் கையிலிருந்து வாங்கி, நான் சுவரோடு நிறுத்திய கோட்டைச் சுவருக்குள்ளேயே இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று இடத்தில்.

“இங்க ஏன் நிறுத்திட்டீங்க? பல்லு மாதிரி விட்டு உள்ளயே எறக்கிடலாம்ல? தகடும் பல்லும் ஒரே வெட்டு. பத்தவைக்கவே வேண்டாம்.”

நான் நிறுத்திய இடத்திலிருந்து அவள் போனது எனக்குப் பிடித்திருந்தது. சுவர் தாங்குமா என்று கேட்டேன். ஒன்பது அங்குலச் சுவர் என்றாள். அளந்திருக்கிறாள்.

இரண்டு பஸ் மாறித் துவாக்குடி போனோம். முதலில் வெட்டித்தந்த அதே பட்டறைதான். தொழிற்சாலைகளுக்கு உதிரித் தகடு வெட்டித் தருகிற இடம். முதலாளி வளைந்த ‘ப’வைத் திருப்பிப் பார்த்தார்.

“பின்னாடி ஆணி வெக்க தூண்லதான் சார் இடம் இருந்துச்சு. நாலு எம்எம் கோட்டுல வெல்டிங் வெச்சா சூட்டுல கோடே நெளிஞ்சிடும். இதுல இவ்ளோ வெயிட் வரும்னு நீங்களும் சொல்லல.”

“எனக்கே தெரியாதுங்க,” என்று மருமகள் படத்தை நீட்டினாள்.

அவர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். “என்ன மேடம் இது, சீப்பா?”

“எழுத்துங்க.”

“எழுத்துக்கு எதுக்கு மேடம் பல்லு?”

“மாலை போடப் போறாங்க.”

“பாய்லர் பார்ட்டுக்குத்தான் இங்க இவ்ளோ பாப்பாங்க. மாலைக்காகப் பாத்தது நீங்கதான் முத ஆளு,” என்றார். ஆனால் மேற்கொண்டு கேட்ட கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள். நேர்கோடு சரி, வளைகிற இடத்தில் தகட்டை வளைத்தால் பற்கள் ஒரே வரிசையில் நிற்காதே, சுவரில் ஓட்டைகளை எப்படிக் குறிப்பீர்கள்? மருமகள் உண்மை அளவில் ஒரு தாள் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதைச் சுவரில் ஒட்டி அதன்மேலேயே துளை போடலாம் என்றாள். ஐந்து எழுத்துக்கும் சேர்த்து நாற்பத்தொரு பற்கள். புள்ளிக்கு மட்டும் இரண்டு. ஒன்று போதும் என்றார் முதலாளி. ஒன்றென்றால் சுழலும் என்றேன் நான். இரண்டானது.

துளை போட்ட இரண்டு நாளும் தலைவர் மூன்றாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, சுவர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அந்தக் கவலை இருந்தது, வெளியில் காட்டவில்லை. எழுத்துகள் திரும்ப ஏறியபோது முன்பிருந்ததற்கும் இப்போதுக்கும் தெருவில் நின்று பார்க்கிறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. நாலு நாலாகவே இருந்தது. ஒன்று மட்டும் கூடியிருந்தது. வெயில் உச்சிக்கு ஏறும்போது தகட்டின் ஆழம் கோட்டுக்குக் கீழே ஒரு நிழலைப் போட்டது. காலையில் இழையாக இருந்த தரை மத்தியானம் கொஞ்சம் தடித்து, சாயங்காலம் மறுபடி இழையானது. இதை நாங்கள் வரையவில்லை. மருமகள் மூன்று வேளையும் இறங்கிப்போய்ப் படம் எடுத்தாள்.

பொங்கலன்று பானை பொங்கி முடித்ததும் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். இந்தமுறை பதினாலு வீடும். தலைவரின் மனைவி ஆயுத பூஜையைவிடக் கனமான மாலைகளாக வாங்கியிருந்தார். வேண்டுமென்றா, பொங்கல் என்பதாலா, நான் கேட்கவில்லை. அதோடு இலையும் தண்டுமாக ஒரு கொத்து மஞ்சள் செடி. தலைவரே ஸ்டூலில் ஏறினார். மாலையைக் கட்டினார். மஞ்சள் கொத்தைக் கட்டினார். பிறகு ‘ப’வின் தரையைக் கையால் பிடித்துக் கீழே ஒரு இழு இழுத்தார்.

“மாலைதாங்க பேச்சு. நீங்க தொங்குறதா பேச்சே இல்லை,” என்றேன்.

“பயமா சார்?”

“உங்களுக்குத்தாங்க பயப்படுறேன். எழுத்து நிக்கும், ஸ்டூல் நிக்காது.”

மருமகள் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருந்தது. ஏனென்றால் கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மறுநாள் மாட்டுப்பொங்கல் காலையில் மாலைகளை எடுத்தார்கள். எல்லோர் எதிரிலும் நூல் பிடித்தேன். ‘ப’, இறக்கம் இல்லை. ‘டி’, இல்லை. ‘த்’, ‘து’, ‘றை’, இல்லை. தலைவர் என் தோளுக்கு மேலாக அளவுகோலை எட்டிப் பார்த்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, எங்க வீட்டு வாசக்கதவுக்கு இதே எழுத்துல பேர்ப்பலகை ஒண்ணு வேணுமே. சின்னதா, கையகலத்துக்கு.”

நான் சந்தோஷமாகத் தலையாட்டத் தொடங்கினேன். அவள் யோசித்துவிட்டு, “இது சரிப்படாதுங்க அங்கிள்,” என்றாள்.

“ஏன்? இப்பதான் நல்லா நிக்குதே.”

“இது பெருசா நிக்க வரைஞ்சது. கையகலத்துக்குச் சுருக்குனா தரையெல்லாம் காணாமப் போயிடும், தூண் மட்டும்தான் தெரியும். சின்ன அளவுக்குன்னு எல்லா எழுத்தையும் மறுபடி முதல்லேருந்து வரையணும். தூணைக் கொஞ்சம் இளைக்கணும், தரையைக் கொஞ்சம் தேத்தணும். பாத்தா அதே குடும்பம்னு தெரியணும்.”

“எவ்ளோ நாளாகும்?”

“ஒரு வருஷமாவது ஆகும்.”

“அதுவரைக்கும் இங்கதானம்மா இருப்பே?”

“இங்கதான் அங்கிள்,” என்றாள். “மொதல்ல இந்தப் பெரிய எழுத்தை அனுப்பிடறேன். எழுத்துரு வாங்கறவங்க கேட்டுட்டு இருக்காங்க.”

பெரிய எழுத்தை அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலமே சின்ன அளவு ‘ண’வில் உட்கார்ந்துவிட்டாள். பெரிய அளவிலேயே படுத்திய அந்த மூன்று சுழி, கையகலத்தில் என்ன பாடு படுத்தப்போகிறதோ என்று நான் கவலைப்பட ஆரம்பித்திருக்கிறேன். தலைவர் வீட்டுக் கதவையும் போய் அளந்துவிட்டு வந்தேன். முப்பத்தைந்து மில்லிமீட்டர் தேக்கு. பல் இறங்கத் தாராளமாக இடம் இருக்கிறது.